யாளிமுக ஒட்டியாணம்

நான் ராஜவம்சம். சிரிக்க வேண்டாம். தென்காசியில் பல் டாக்டராக இருக்கிறேன், காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர் வாய்க்குள் கைவிட்டுப் பிழைக்கிறேன் என்றாலும், என் அப்பா ராஜா. தலைப்பாகை கட்டி, பட்டம் சூட்டி, ஊர்க் கோயிலில் முதல் மரியாதை வாங்கிய ராஜா. மற்ற நாட்களில் தாலுகா ஆபீஸில் ஜூனியர் அசிஸ்டெண்ட். வருமானச் சான்றிதழுக்கு வரிசையில் நிற்பவர்களை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். வேலைப் பளு அப்படி. எங்கள் குடும்பத்தில் அதை ராஜகளை என்பார்கள்.

அரண்மனையும் உண்டு. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் டவுன் பஸ் கண்டக்டர் "அரண்மனை எறங்கு" என்று குரல் கொடுப்பார். இறங்கிப் பார்த்தால் ஒரு பக்கம் செல்போன் கடை, ஒரு பக்கம் டயர் கடை, நடுவில் ஒரு வாசல். அந்த வாசல்தான் நாங்கள். யானை நுழைவதற்காகக் கட்டியதாம். இப்போது டயர் கடைக்காரர் பழைய டயர்களை அடுக்கி வைத்திருப்பதால் மனுஷரே கொஞ்சம் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். சாரல் காலத்தில் தர்பார் ஹாலில் நாலு இடத்தில் ஒழுகும். நாலு பிளாஸ்டிக் வாளி வைத்துவிடுவோம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் பெயர் 'ராஜவம்சம்'. தினமும் காலை வணக்கம் படமும், மாதம் ஒருமுறை யார் ஓடு மாற்றுவது என்ற சண்டையும் அதில் வரும்.

இதில் நிஜமாகவே அரச சம்பந்தம் உள்ளது என்று மிஞ்சியது நகைதான். ராக்கொடி ஒன்று, நெற்றிச்சுட்டி ஒன்று, காசுமாலை ஒன்று, மேல்கையில் பூட்டும் வங்கி ஒரு ஜோடி. இவையெல்லாம் வசதியான எந்த வீட்டிலும் இருக்கக்கூடியவைதான். ஐந்தாவது சாமான் அப்படியில்லை. அது ஒட்டியாணம். நாலு விரல் அகலம், கெட்டித் தங்கத் தகடு, நடுவில் யாளி முகம். யாளியின் கண்ணுக்கு இரண்டு சிவப்புக் கல். அதன் வாய்தான் பூட்டு. ஒரு முனையிலிருக்கிற நாக்கு போன்ற தகடு, மறுமுனையிலிருக்கிற யாளியின் வாய்க்குள் போய் உட்கார்ந்தால் பூட்டிக்கொள்ளும். தொழில் முறையில் சொல்கிறேன், அந்த யாளிக்கு மேல்வரிசைப் பல் அத்தனையும் சரியாக இருக்கிறது, கீழ்வரிசையில்தான் ஒன்று குறைகிறது.

இது எப்படி எங்களிடம் வந்தது என்பதற்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று, போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர்டான என் சித்தப்பா சொல்வது. எங்கள் முன்னோர் ஒருவருடைய வீரத்தைத் திருவிதாங்கூர் மகாராஜா மெச்சி, தன் அரண்மனைக் கருவூலத்திலிருந்து கையால் எடுத்துக் கொடுத்தாராம். அந்த வீரம் எந்தப் போரில் என்று கேட்டால் சித்தப்பாவுக்குக் கோபம் வரும். இன்னொன்று, அப்பா சொல்வது. அதுவும் வீட்டில் மற்றவர்கள் தூங்கப் போன பிறகு, மெதுவாக. எங்கள் ஆட்கள் செங்கோட்டைக்கு மேலே கணவாய்ப் பாதையில் காவல் இருந்தவர்கள். மிளகும் பாக்கும் ஏற்றிய பொதிமாடுகள் அந்த வழியாகப் போகும். காவல் கூலி கொடுத்த வியாபாரியின் மாடு ஊர் போய்ச் சேரும். கொடுக்காதவரின் மாடு காணாமல் போகும், அதைக் கண்டுபிடித்துத் தருவதற்குத் தனிக் கூலி. ஒரு தடவை ஒரு கல்யாணக் கூட்டம் கணவாய் தாண்டி வந்ததாம். கூட்டம் ஊர் திரும்பிவிட்டது. ஒட்டியாணம் திரும்பவில்லை.

நான் அப்பா கட்சி. சித்தப்பா சொல்வதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்த யாளிவாய்ப் பூட்டு, திருடர் யாரும் சட்டென்று உருவிவிடக் கூடாது என்பதற்காகச் செய்தது என்பார். சரியாகத்தான் இருக்க வேண்டும். அதனால்தான் போட்டிருந்தவளே கழற்றிக் கொடுத்து முழு ஒட்டியாணமாக வந்திருக்கிறது, பாதியாக வரவில்லை.

வருஷத்துக்கு ஒருநாள், ஆடி கடைசி வெள்ளியன்று, இந்த நகைகள் வெளியே வரும். அதற்குப் பெட்டி திறப்பு என்று பெயர். காலையிலேயே சித்தப்பா பேங்க் லாக்கரிலிருந்து பெட்டியை எடுத்து வருவார். ஒரு காரில் பெட்டி, முன்னால் ஒரு பைக், பின்னால் ஒரு பைக். சர்வீஸில் மந்திரிக்கு பந்தோபஸ்து போன ஞாபகம் அவருக்கு. குடும்பத்தின் மூத்த மருமகள் அத்தனையையும் பூட்டிக்கொண்டு, ஹாலில் பெரிய மர நாற்காலியில் கிழக்கே பார்த்து ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். அந்த நேரம் அவள் அம்மன். பங்காளிகள் ஐந்து வீட்டாரும் வந்து கும்பிடுவார்கள். எல்லார் தலையும் ஈரமாக இருக்கும். பக்தியாகக் குளித்து வந்த ஈரமில்லை, ஐந்தருவி ஈரம். சீசன் நேரத்தில் வருகிறோம், அருவியில் குளித்து, செங்கோட்டையில் பரோட்டா தின்று, நடுவில் அம்மனையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற கணக்கு.

கும்பிடும்போது பெரியவர்களின் உதடு அசைவதைச் சின்ன வயதில் ஆச்சரியமாகப் பார்த்திருக்கிறேன். ஏதோ மந்திரம் என்று நினைத்தேன். அவர்கள் காசுமாலையிலுள்ள காசுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஐந்து வீட்டாரும் ஒருவரையொருவர் நம்பாதவர்கள். நகை குறையாமல் இருக்கிறதா என்று வருஷா வருஷம் சரிபார்க்க வேண்டும், வாய்விட்டுக் கேட்டால் மரியாதை இல்லை. ஆகவே ஒருத்தியை அம்மனாக்கி உட்கார வைத்து, கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே எண்ணுகிறார்கள். இவ்வளவு நாசூக்கான ஒரு தணிக்கையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்த வீட்டில் பிறந்த பெண்களுக்கு அந்த நகையைத் தொட உரிமை கிடையாது. நாங்கள் வேறு வீட்டுக்குப் போகிறவர்கள், போகும்போது கையோடு கொண்டு போய்விடுவோமாம். நகை வந்த விதம் அப்படி, பயம் இருக்கத்தானே செய்யும். வந்த மருமகள்கள்தான் போடலாம். என் அம்மா திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காட்டுப் பெண். அரண்மனைச் சம்பந்தம் என்று அவள் வீட்டில் ஏமாந்து கொடுத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் அவள்தான் பெட்டி திறப்பு அம்மன். எனக்கு அவளை அப்படிப் பார்க்கப் பிடிக்கும் என்று சொன்னால் என் மற்ற பேச்செல்லாம் பொய்யாகிவிடும், ஆனாலும் பிடிக்கும். தினமும் ரேஷன் கடைக்கும் மாவு மில்லுக்கும் அலைகிற பெண், அன்றைக்கு ஒரு மணி நேரம் யாருக்கும் எழுந்து தண்ணீர் கொண்டுவர வேண்டாம். அதற்காகவே பிடிக்கும்.

எல்லாம் முடிந்ததும் பின் அறைக்குப் போய் ஒவ்வொன்றாகக் கழற்றுவாள். ஒட்டியாணத்துக்கு மட்டும் முந்தானையை இடுப்பின் மேல் போட்டுக்கொள்வாள். உள்ளே இரண்டு கையும் ஏதோ செய்யும். டக் என்று ஒரு சத்தம். ஒட்டியாணம் கையில் வந்துவிடும். மருமகளுக்கு மாமியார் சொல்லிக் கொடுக்கிற விஷயம் அது. "எனக்கும் காட்டேன்" என்று ஒருநாள் கேட்டேன். "நீ போடப் போறதில்ல, ஒனக்கு எதுக்கு" என்றாள்.

அப்பா ஒரு பங்குனியில் ஆபீஸ் போய்விட்டு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த வருஷம் ஆடியில் சித்தப்பா அம்மாவிடம் வந்து, "மதினி, அடுப்படிய நீங்க பாத்துக்கிடுங்க. மத்தவங்களுக்கு ஒங்க கைப்பக்குவம் வராது" என்றார். அவ்வளவுதான். யாரும் போ என்று சொல்லவில்லை, நகையைத் தொடாதே என்றும் சொல்லவில்லை. கைப்பக்குவத்தைப் பாராட்டி உள்ளே அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து எட்டு வருஷம், பெட்டி திறப்பு அன்று அம்மா அடுப்படியில். ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவிலுள்ள கதவை ஒருக்களித்துச் சாத்தியிருப்பார்கள். எனக்கு ஒவ்வொரு வருஷமும் பற்றிக்கொண்டு வரும். பற்றிக்கொண்டே ஹாலில் உட்கார்ந்திருப்பேன்.

அடுத்த அம்மன் சித்தி. நல்ல மனுஷி, நல்ல உடம்பு. ஒட்டியாணம் அவள் இடுப்பை முக்கால் பாகம்தான் சுற்றியது. இரண்டு முனையையும் சிவப்புப் பட்டுக் கயிற்றால் முடிச்சுப் போட்டு, கயிறு தெரியாமல் புடவையை இழுத்துவிடுவார்கள். எட்டு வருஷமும் யாளி வாயைத் திறந்துகொண்டே இருந்தது. சித்திக்கு அதில் பெரிய வெட்கம். பெட்டி திறப்புக்கு ஒரு மாசம் முன்பிருந்தே ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடுவாள், மறுநாள் காலையில் அதையும் சேர்த்துச் சாப்பிடுவாள்.

சித்தப்பாவுக்கு ஒரே பையன். ராணுவத்தில் இருக்கிறான், வடக்கே எல்லையில். அவனுக்கு ஒரு தை மாதம் கல்யாணம் ஆனது. பெண் கோயம்புத்தூர், கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்பதால் புருஷன் இல்லாத அரண்மனையில் மாமியார் மாமனாரோடு இருந்தாள். ஆனியில் அவன் லீவில் வந்துவிட்டுப் போனான். ஒல்லியான பெண். நகைப் பொறுப்பைச் சித்தி அவளிடம் தள்ளிவிட்ட சந்தோஷத்தில் அந்த ஆடி முழுக்க ராத்திரிச் சாப்பாட்டைச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

ஆடி கடைசி வெள்ளி. சாரல் விடாமல் தூறியது. சித்தி அந்தப் பெண்ணின் இடுப்பில் ஒட்டியாணத்தைச் சுற்றினாள். நாக்கு யாளியின் வாய்க்குள் போயிற்று. டக். எட்டு வருஷத்துக்குப் பிறகு கேட்ட சத்தம். ஹாலில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் காட்சியை யாரோ வீடியோ எடுத்து 'ராஜவம்சம்' குழுவில் போட, மஸ்கட்டிலிருந்தும் சென்னையிலிருந்தும் கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்து விழுந்தன.

ஒரு மணி நேரம் ஆயிற்று. காசுகள் எண்ணி முடிக்கப்பட்டன. சித்தி ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ராக்கொடி வந்தது, சுட்டி வந்தது, காசுமாலை, வங்கி எல்லாம் வந்தன. ஒட்டியாணம் வரவில்லை.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். சித்தி இழுத்தாள். பங்காளி வீட்டு அத்தைமார்கள் இழுத்தார்கள். ஒருத்தி தேங்காய் எண்ணெய் விட்டாள், ஒருத்தி சோப்புத் தண்ணீர். "மூச்ச நல்லா உள்ள இழும்மா" என்று ஒரு பக்கம், "வயித்த எக்கு" என்று ஒரு பக்கம். சித்தப்பா வந்து, சர்வீஸில் எத்தனை விலங்கு மாட்டிக் கழற்றியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டே பார்த்தார். விலங்குக்குச் சாவி இருந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி டாக்டரு, ஒன் குத்தூசிய எடுத்துட்டு வா."

காரிலிருந்த பையைக் கொண்டுவந்தேன். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடி, சொத்தையை நோண்டிப் பார்க்கிற கம்பி, டார்ச். அரச குலத்தின் வரலாற்றிலேயே யாளிக்குப் பல் பரிசோதனை செய்த முதல் ஆள் நான்தான். உள்ளே பார்த்தேன். நாக்குத் தகட்டின் இரண்டு பக்கமும் மீன்முள் போல இரண்டு கொக்கி. வெளியே இழுக்க இழுக்க அவை விரிந்து இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. அதாவது இதுவரை இழுத்தவர்கள் எல்லாம் பூட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எத்தனையோ வாயைப் பார்த்தவள் ஒரு பொம்மை வாயிடம் தோற்றேன்.

நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் என் காதோரம் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணி, ரெண்டு நாள் முன்னாடி டெஸ்ட் பண்ணிப் பார்த்தேனுங்க. ரெண்டு கோடு வந்துச்சு. அவர்கிட்டகூட இன்னும் சொல்லலை. இது அமுக்கினா ஏதாவது ஆயிடுங்களா?"

நிமிர்ந்து பார்த்தேன். முகமெல்லாம் வேர்வை. உதடு வெளுத்திருந்தது. இத்தனை நேரம் அம்மனாக உட்கார்ந்து குமட்டலை விழுங்கிக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு ஆரம்ப நாட்களில் அதனால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். அப்படியே சொன்னேன். ஆனால் பல் டாக்டர் சொல்வதை வயிற்று விஷயத்தில் யார் நம்புவார்கள்? அவள் நம்பவில்லை. இரண்டு கையையும் யாளியின் மேல் வைத்து அதை வயிற்றிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"அறுத்துருவோம்" என்றேன் எல்லாருக்கும் கேட்கும்படி.

வாளியில் சொட்டுகிற சத்தம் மட்டும். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஐந்து வீட்டுப் பொதுச்சொத்து, ஐந்து வீட்டாரும் சம்மதிக்காமல் எப்படி அறுப்பது? ஒரு மாமா போனை எடுத்து, 'ராஜவம்சம்' குழுவில் வாக்கெடுப்பு வைத்தார். 'ஒட்டியாணத்தை அறுக்கலாமா? ஆம், வேண்டாம்.' மஸ்கட் வேண்டாம் என்றது. சென்னை, ஆசாரியிடம் அபிப்பிராயம் கேட்கவும் என்றது. யாரோ ஒருவர் பழக்க தோஷத்தில் அதற்கும் ஒரு கும்பிடு போட்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் போனை வாளித் தண்ணீரில் போட்டிருப்பேன்.

தென்காசியிலிருந்து நகைக்கடை ஆசாரி பைக்கில் நனைந்துகொண்டு வந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், எழுந்து நின்றார்.

"அறுக்கலாம். ஆனா பிள்ள வயித்துல ஒட்டிக் கெடக்கு. ரம்பம் போட எனக்குத் தைரியம் இல்ல. ஊதி இளக்கலாம்னா, ஆள உள்ள வச்சிக்கிட்டு நெருப்ப எப்படிக் காட்ட?" என்றவர், ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார். "இதப் போட்டுக் கழத்துனவங்க யாரும் வீட்டுல இல்லியா அண்ணாச்சி? அவங்களக் கேட்டா முடிஞ்சுதுல்லா."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள், வாளியைப் பார்த்தார்கள், மேலே ஓட்டைப் பார்த்தார்கள். ஒருக்களித்துச் சாத்திய கதவை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. ஹாலில் இருந்த முப்பது பேருக்கும் தெரியும். எட்டு வருஷம் முன்னால் நாங்கள் பூட்டை ஹாலில் வைத்துக்கொண்டு சாவியை அடுப்படிக்கு அனுப்பியிருக்கிறோம்.

"அம்மாவக் கூப்பிடுங்க" என்றேன் சித்தப்பாவிடம்.

அவர் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார். நன்றாகத் திட்டுவதற்கு வார்த்தையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஏட்டி, எனக்குத் தெரியாதா? மதினிய எனக்கு என் அம்மைக்கு மேல. ஆனா பய பார்டர்ல கெடக்கான். கட்டி ஏழு மாசந்தான் ஆவுது. அண்ணன் இல்லாதவிய கை இந்தப் புள்ள மேல பட்டு, நாளைக்கு அங்கருந்து ஒரு போன் வந்துதுன்னா? நான் என்ன செய்ய, சொல்லு."

நேராக அடுப்படிக்குப் போனேன். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் ரசத்துக்குப் புளித்தண்ணீர் இருந்தது.

"டக்குன்னு விழுந்தது கேட்டுச்சு. அப்பவே தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சா வந்து சொல்லியிருக்க வேண்டியதுதான?"

"யாரு கேட்டா?"

"நான் கேக்கேன். வா."

"வரமாட்டேன்." கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்தப் பய மேல அவன் அப்பனுக்கு மட்டுந்தான் பயமா? என் மடியில கெடந்து வளந்த பய. நாளைக்கு அவனுக்குக் காச்சல் வந்தாக்கூட என் கையத்தான் சொல்லுவாவ. அவிய சொல்லாட்டாலும் எனக்கே தோணும். அத வச்சிக்கிட்டு என்னால ஒறங்க முடியாது."

எனக்குத் தாங்கவில்லை. எட்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். இந்த வீடு, இந்தக் கூட்டம், இந்தத் திருட்டு நகை, இதற்கு ஒரு முறை, அதைக் கேட்டுக்கொண்டு இந்தப் புகையில் கிடக்கிற நீ ஒரு ஆள் என்று ஹாலுக்குக் கேட்கிற மாதிரியே கத்தினேன். அம்மா நான் முடிக்கும்வரை இருந்தாள்.

"நீ எங்கன இருந்த?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"எட்டு வருஷமா நீயும் ஹால்லதான இருந்த. ஒரு தடவ இங்கன வந்து, எம்மா, எந்திரி, எம்பக்கத்துல வந்து இரின்னு சொன்னியா? நகைய யாரு கேட்டா. அந்தப் பாரத்த எறக்கி வச்சதே போதும்னு இருக்கு. எல்லாரும் ஒக்காந்து பேசுத எடத்துல ஒரு ஓரமா இருந்துட்டுப் போறேன். அதுக்குக்கூட ஒருத்தரும் கூப்பிடல. நீயுந்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. அவரைக்காய் விலை சொல்வது போலச் சொன்னாள். அத்தனை பேரையும் கேலி பேசிக்கொண்டு, அத்தனை பேரோடும் வரிசையில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

அப்போது ஹாலில் "எந்திரிக்கக் கூடாது, அம்மன் முன்னால ஏத்துன விளக்கு இன்னும் மலையேறல" என்று யாரோ சொல்வது கேட்டது. கதவு முழுசாகத் திறந்தது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து, எங்களைத் தாண்டி, புழக்கடைத் தொட்டிக்குப் போய்க் குனிந்தாள். அம்மா ஒரே எட்டில் அவள் பக்கத்தில் இருந்தாள். ஒரு கையால் நெற்றியைத் தாங்கிப் பிடித்து, ஒரு கையால் முதுகைத் தடவிக் கொடுத்தாள். எல்லாம் வெளியே வந்து முடிகிறவரை அப்படியே பிடித்திருந்தாள். அதற்குப் பிறகுதான் தன் கையைப் பார்த்தாள்.

"தொட்டாச்சு" என்றாள் தனக்குத்தானே. பிறகு அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்த்தி, "எத்தன நாள் தள்ளிருக்கு?" என்று கேட்டாள்.

"நாப்பத்தஞ்சு. பெரியத்தை, இதை எடுத்து விடுங்க. முடியலைங்க."

அம்மா முந்தானையை எடுத்து அந்தப் பெண்ணின் இடுப்பின் மேல் போட்டாள். நான் ஒரு அடி தூரத்தில் நின்றேன். "இழுக்காத. மூச்ச வெளிய விடு. இன்னும் விடு" என்றாள். முந்தானைக்கு உள்ளே இரண்டு கையும் அசைந்தன. டக். ஒட்டியாணம் அம்மாவின் கையில் இருந்தது. அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாள், பிறகு அழுதாள். சொல்லிவிடுகிறேன், எல்லையில் இருக்கிற அந்தப் பயல் இன்றைக்கும் நன்றாக இருக்கிறான். குழந்தைக்குப் பல் முளைப்பதை வீடியோ எடுத்து அனுப்பி, வரிசையாக வருகிறதா என்று என்னைப் பிடுங்கி எடுக்கிறான்.

திரும்பிப் பார்த்தால் ஹால் பக்கத்து வாசல்படியில் சித்தப்பா. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அம்மா அடுப்படிக்குள் வந்து ஒட்டியாணத்தை அவரிடம் நீட்டினாள். அவருடைய கை பாதி தூரம் வந்து நின்றது. ஒரு நொடி அது நடுவில் அப்படியே தொங்கியது. அம்மா அதை அவரைக்காய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனாள். சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"மதினி" என்றார் சித்தப்பா. "அந்தக் கொக்கி எப்படின்னு டாக்டருக்குச் சொல்லிக் குடுத்துருங்க. இனிமே இப்படி ஆவக் கூடாதுல்லா."

அம்மா கையை முந்தானையில் துடைத்தாள்.

"யாருக்கும் சொல்லிக் குடுக்கதா இல்ல தம்பி. அடுத்த ஆடிக்கும் அதப் பூட்டத்தான செய்வியோ. கழத்த நான் வேணும். என்னைய இங்கன வந்து தேடாதிய, ஹால்ல இருப்பேன்."

சொல்லிவிட்டு நடந்தாள். சித்தப்பா வாசல்படியில்தான் நின்றார். அவள் அவருக்கு எதிரில் போய் நின்று, "வழிய விடுங்க" என்றாள். அவர் சுவரோடு ஒட்டி விலகினார். கதவுக்கு அப்பால் பேச்சுச் சத்தம் சட்டென்று அடங்கியது. ஒரு நாற்காலி தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது.

நான் அவள் பின்னால் போகவில்லை. புளித்தண்ணீர் கொதிக்க ஆரம்பித்திருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து மிச்ச அவரைக்காயை நறுக்கினேன்.